நாற்பது பாகையும் நான்கு மான்களும்

ஒக்டோபர் 20, திங்கள்

அக்கா, இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதே. இங்கே இரவு பதினொன்றரை, உனக்கு விடிய மூன்று. மிதுலா இப்போதுதான் பால் குடித்து நித்திரையானாள். போனில் கதைத்தால் எழும்பிவிடுவாள், அதனால் கொப்பியில் எழுதுகிறேன். நாலைந்து நாள் சேர்ந்ததும் படம் பிடித்து அனுப்புவேன். நீ ஆறுதலாகப் படி.

சனிக்கிழமைப் புயல் வேட்டைக்காரர்களின் கொட்டில் கூரையைக் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டது. இங்கே இலையுதிர் காலத்தில் மான் சுட அனுமதி உண்டு. நாலு குடும்பம் சேர்ந்து சுட்டு, உரித்து, ஒரு கிழமை தொங்கவிட்டு, பிறகு வெட்டிக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்திருக்கும் குன்வோர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், நாற்பத்தைந்து வயது. அடுத்த வளவில் இருக்கிறாள். இன்று காலை வாசலில் வந்து நின்றாள்.

நோர்வேஜியனில் எல்லாரும் எல்லாருக்கும் "நீ"தான். அவள் பேசுவதை எங்கள் பேச்சில் எழுதினால்தான் எனக்கு அவள் குரல் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"உன்ர கீழ்க் கொட்டிலை ஒரு கிழமைக்குத் தருவியா?"

"எத்தினை மான்?"

"நாலு. ஒவ்வொண்டும் உன்னைவிட உயரம். பயப்பிடாதை, சத்தம் போடாதுகள்."

புதன்கிழமை சஷ்டி விரதம் தொடங்குகிறது என்று சொல்ல வாய் திறந்தேன். விரதம் என்பதற்கு அவர்களிடம் சொல் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குக் கீழே மான் தொங்கக் கூடாது என்பதற்கு என்ன விளக்கம் சொல்வது? அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பிரதாபனுக்கு இரண்டு கிழமை கடலில் மீன் பண்ணைத் தெப்பத்தில் வேலை, அடுத்த செவ்வாய்தான் வருவார். அழைத்தால், அவள் எனக்கு முன்னமே அவருக்குப் போன் அடித்துவிட்டாள்.

"நான் ஓமெண்டு சொல்லிப்போட்டனப்பா," என்றார். "நாலு வருசமா அதுகள் எங்களிட்டை ஒண்டும் கேட்டதில்லை. முதல் தரம் ஒரு உதவி கேட்குதுகள்."

"விரதம் வருகுதெல்லே?"

"நீர் மேல இருக்கிறீர், மான் கீழ இருக்குது. முருகனுக்கு மாடி வீடு தெரியாதே?"

சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

கொட்டில் மூன்று மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் எழுபது அகலம். அதற்குள் இருந்தவை: பிள்ளைத் தள்ளுவண்டி, நாலு குளிர்கால டயர், நாலு பை அரிசி, மிதுலா குளிக்கும் தொட்டி, நீ அனுப்பிய மாவரைக்கும் இயந்திரம் வந்த பெட்டி. எல்லாம் இப்போது வீட்டுக்குள். டயர் கட்டிலுக்குக் கீழே, அரிசி கட்டிலின் தலைமாட்டில். தள்ளுவண்டியைச் சுற்றிக்கொண்டுதான் குசினிக்குப் போக வேண்டும்.

பின்னேரம் மான்கள் வந்தன. தோல், தலை, குடல் எல்லாம் கழித்த உடல்கள். பார்க்காமல் இருப்போம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கீழே இருந்து வாக்குவாதம் கேட்டது. மிதுலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

இடம் காணாதது பிரச்சினை. மேலே ஒரே ஒரு இரும்புக் குழாய், குறுக்காக. நாலும் பின்னங்காலில் தொங்கினால் தொடையோடு தொடை முட்டுகிறது. முட்டக் கூடாதாம். இரண்டுக்கும் நடுவே ஒரு கையளவு காற்றுப் போக வேண்டும், ஒட்டிய இடம் புளித்துப்போகும். குன்வோரின் தம்பி ஒட்வார், கார்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் பாதைப் படகில் வேலை செய்கிறவன், நாலாவதைத் தன் கார்க் கொட்டிலில் தொங்கவிடலாம் என்றான்.

"போன வருசம் அந்தக் கொட்டிலுக்கை ஆர் பெற்றோல் ஊத்தினது?" என்றாள் குன்வோர்.

"அது முந்தின வருசம்."

"இறைச்சி மறக்கேல்லை."

எனக்கு மிதுலாவின் உடுப்புக் கொடி நினைவுக்கு வந்தது. அந்தச் சின்ன மடக்குக் கொடியில் காற்சட்டையை ஒரு பக்கம் தலைகீழாக, அடுத்த சட்டையை நேராகப் போட்டால் இரண்டு மடங்கு உடுப்புக் காயும். கேட்காமலே சொல்லிவிட்டேன்.

"இரண்டைக் காலில தூக்குங்கோ. இரண்டைக் கழுத்தில. மாறி மாறி. அப்ப ஒண்டின்ர தொடைக்குப் பக்கத்தில மற்றதின்ர கழுத்து வரும்."

குன்வோர் குழாயை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஒட்வார் கயிற்றை அவிழ்த்தான். தூக்கி முடிந்ததும் குன்வோர் ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் தன் கையை விட்டுப் பார்த்தாள். நாலும் குழாயில் அடங்கிவிட்டன. சுவரிலும் முட்டவில்லை.

எனக்கு நல்ல சந்தோசம். எதற்கு என்று சரியாகத் தெரியவில்லை.

ஒக்டோபர் 22, புதன்

விரதம் தொடங்கினேன். பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கக் கூடாது என்று நீ சொன்னபடி மத்தியானம் ஒரு நேரச் சோறு, இரவு பாலும் வாழைப்பழமும்.

அக்கா, உனக்கு ஒரு புதினமான விசயம். மான் எப்போது வெட்டப் பதமாகும் என்பதை இவர்கள் நாளால் கணக்கிடுவதில்லை, பாகையால் கணக்கிடுகிறார்கள். கொட்டிலில் வெப்பமானி இருக்கிறது. காலையும் மாலையும் பார்த்து, சராசரி எடுத்து, அதை முதல் நாள் தொகையோடு கூட்ட வேண்டும். நாற்பது வந்த நாள் வெட்டு. குளிரென்றால் பத்து நாளும் தொங்கும், கொஞ்சம் வெக்கையென்றால் நாலே நாள். செத்த உடல் முதலில் விறைக்கும், பிறகு தசைக்குள் இருக்கும் நொதியங்களே நாரை மெல்ல மெல்ல அறுத்து இளக்கும். பல்கலைக்கழகத்தில் நாங்கள் இதைப் பரீட்சைக்குப் பாடமாக்கினோம். அதைத் தொட்டுப் பார்க்கலாம் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. இன்று ஒரு விரலால் தொட்டேன். மேசைபோல் இருந்தது. மணம் ஒன்றும் இல்லை, குளிர்ந்த இரும்பின் மணம்தான்.

(உடனே கையைக் கழுவி, முகம் கழுவி, திருநீறு பூசினேன்.)

வாசிக்கிற வேலையைக் குன்வோர் என்னிடம் தந்திருக்கிறாள். "நீ படிச்சனி எண்டு பிரதாபன் சொன்னவன். அதோட நீ எப்பவும் வீட்டிலதானே." இரண்டாவது வசனத்தை ஏன் சொன்னாளோ.

காலை 6, மாலை 8. சராசரி 7. மொத்தம் 7.

வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள் என்பது மத்தியானம் சோறு போடும்போதுதான் நினைவுக்கு வந்தது. நாலும் பெண் மான்கள்.

ஒக்டோபர் 23, வியாழன்

காலை 5, மாலை 7. சராசரி 6. மொத்தம் 13.

பிள்ளை நிறுக்கும் நர்ஸ் வந்தாள். மிதுலா ஏழு கிலோ எண்ணூறு. எனக்கும் ஒரு படிவம் தந்தாள், பத்துக் கேள்வி. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா என்று. பத்துக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் எழுதினேன். அவள் நான் எழுதியதைவிட என்னையே அதிகம் பார்த்தாள். இரவு பிரதாபன் போனில் "இண்டைக்கு எத்தினை தரம் வெளியில போனீர்?" என்று கேட்டார். பதினொரு தரம் என்றேன். "எங்க?" கொட்டிலுக்கு.  "அது நல்லம்," என்றார்.

பதினொரு தரமும் வெப்பமானி பார்க்கத்தான். அது மாறாது என்று எனக்குத் தெரியும்.

ஒக்டோபர் 24, வெள்ளி

மிதுலாவுக்கு விடிய நாலு மணிக்கு 38.9.

காலை எட்டுக்கு 39.2. டொக்டருக்குப் போன் அடித்தேன். பால் குடிக்கிறாளா, சிறுநீர் போகிறாளா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் ஓம். அப்படியென்றால் பார்த்துக்கொண்டு இருங்கள் என்றார்கள். பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர ஏழு மாதமாக நான் வேறு என்ன செய்கிறேன்?

கொட்டில் தாளில் மாலைக் கட்டத்துக்குள் 39.2 என்று எழுதி, பிறகு வெட்டினேன். சரியானது: காலை 7, மாலை 9. சராசரி 8. மொத்தம் 21.

மானையும் காய்ச்சலையும் பற்றி உனக்கு இரண்டு வரி அனுப்பினேன். உன் குரல் பதிவு பத்து மணிக்கு வந்தது. "எடியே, உயிர் போன சாமான் வீட்டுக்குக் கீழ தொங்குது, விரத காலம், துடக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? மஞ்சத்தண்ணி கரைச்சுத் தெளிச்சு விடு. மூலையெல்லாம் படவேணும்."

நான் உயிரியல் படித்தவள். காய்ச்சலுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மஞ்சள் கரைத்தேன். மாவிலைக்கு எங்கே போவது, பின்வளவில் பேர்ச் மரத்தில் ஒரு கொத்து ஒடித்தேன். மிதுலாவைத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கொட்டில் வாசலில் நின்று, ஒரு செம்பு முழுவதையும் தெளித்தேன். மூலையெல்லாம் பட வேண்டுமே என்று ஓங்கித் தெளித்தேன். உள்ளே இருட்டு. எங்கே பட்டது என்று பார்க்கவில்லை.

மேலே வந்து படுத்தோம். இருவரும் இரண்டு மணி நேரம் நித்திரை. அத்தனை நேரம் நான் தொடர்ந்து நித்திரை கொண்டது எப்போது என்று நினைவில்லை.

ஒக்டோபர் 25, சனி

மிதுலா 38.7. பால் குடிக்கிறாள்.

பின்னேரம் குன்வோர் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் போனாள். நான் வாசிப்பு எடுக்கப் பின்னால் போனேன். அவள் நின்றுவிட்டாள். வெளிச்சம் வாசல் பக்கத்து மானின் விலாவில். கொழுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தது. அடுத்த மானிலும் இடையிடையே மஞ்சள்.

ஒட்வாரைக் கூப்பிட்டாள். மற்ற இரு வேட்டைக்காரர்களும் வந்தார்கள். நாலு விளக்கு.

"ஈரல் நோய்," என்றான் ஒருவன். "கொழுப்பு மஞ்சளாக வந்தால் ஈரல்தான்."

"ஈரலை நான் வெட்டிப் பார்த்தனான், நல்ல ஈரல்," என்றாள் குன்வோர். "முந்தாநாள் வெள்ளையா இருந்தது, இப்ப மஞ்சள். செத்த பிறகு நோய் வருமா?"

"ஏன் வாசல் பக்கம் மட்டும்?" என்றான் மற்றவன்.

"ஒரு பக்கமா படுத்திருக்குங்கள்," என்றான் ஒட்வார்.

"இரண்டும் ஒரே பக்கமா?"

"சிநேகிதிகள் போல."

ஒருவரும் சிரிக்கவில்லை. குன்வோர் மிருக வைத்தியருக்கு அடித்தாள், படமும் அனுப்பினாள். அவர் சொன்னதை எங்களுக்குச் சொன்னாள். தெரியாத மஞ்சள் என்றால் சாப்பிடக் கூடாது. ஒன்றோடு ஒன்று நெருக்கமாகத் தொங்கியதால் நாலையும் புதைக்க வேண்டும். திங்கள் காலை அவர் அரசாங்கத்துக்கு அறிவிப்பார். முடிவு வரும்வரை இந்த மலை முழுக்க வேட்டை நிறுத்தம். இந்தப் பருவம் அதோடு போய்விடும்.

நாலு குடும்பத்தின் குளிர்காலச் சாப்பாடு. அதற்கு மேல் இந்த மலையில் இல்லாத ஒரு நோய், என் செம்பிலிருந்து.

நான் அங்கேதான் நின்றேன். அவர்கள் சுனை, புல், காளான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாயில் வசனம் தயாராகவே இருந்தது. நோர்வேஜியனில் வினைச்சொல் எங்கே வரும் என்றுகூட யோசித்துவிட்டேன். மிதுலா சிணுங்கினாள். "பிள்ளைக்குக் குளிருது," என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அவளுக்குக் குளிரவில்லை.

காலை 6, மாலை 8. சராசரி 7. மொத்தம் 28.

பிரதாபனிடம் சொல்லவில்லை. வேட்டைக் கூட்டத்துக்கு அடுத்த வருடம் தன்னையும் சேர்ப்பார்களோ என்று கேட்டார், சும்மா கேட்பதுபோல. அதற்காக ஒரு பரீட்சை எழுத வேண்டுமாம், புத்தகம் வாங்கி வைத்திருக்கிறாராம். எனக்குத் தெரியாமல் இரண்டு மாதமாகப் படிக்கிறாராம்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

இன்று மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாள். அதனால் இன்றைக்கு இருபத்தைந்து மணி நேரம். கூடுதல் ஒரு மணி நேரத்தை நாற்பதுக் கணக்கில் சேர்ப்பதா என்று விடிய ஆறு மணிக்குப் படுக்கையில் யோசித்துக்கொண்டிருந்தேன். நாலையும் புதைக்கப் போகிறார்கள், நான் பாகை எண்ணுகிறேன்.

மிதுலாவின் உடம்பு குளிர்ந்துவிட்டது. 36.8. உடுப்பு மாற்றும்போது நெஞ்சிலும் முதுகிலும் சின்னச் சின்ன ரோசாப் புள்ளிகள். இங்கே இதற்குப் பெயரே 'மூன்று நாள் காய்ச்சல்', அக்கா. காய்ச்சல் இறங்கிய பிறகு புள்ளி வரும், பிள்ளைகளுக்கு இந்த வயதில் வருவதுதான், தானாகவே போகும். பாடப் புத்தகத்தில் உள்ளபடி வந்து, உள்ளபடி போயிருக்கிறது. அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அதற்கும் அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது.

ஒன்பது மணிக்கு உழவு இயந்திரத்தின் சத்தம். பின்னால் பெட்டி. மான்களை ஏற்ற வந்துவிட்டார்கள்.

மிதுலாவை இடுப்பில் வைத்து, மஞ்சள் பேணியையும் செம்பையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். குன்வோரும் ஒட்வாரும் நின்றார்கள். யோசித்து வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து, வாசலில் வெட்டிப் போட்டிருந்த வெள்ளைக் கொழுப்புத் துண்டு ஒன்றின் மேல் ஊற்றினேன். அது மஞ்சளாக மாறியது.

"நோய் இல்லை," என்றேன். "நான்தான். வெள்ளிக்கிழமை தெளிச்சனான்."

குன்வோர் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தாள். உள்ளே போய் மானையும் முகர்ந்தாள். ஒட்வார்தான் முதலில் வாய் திறந்தான்.

"இரவு முழுக்க நித்திரையில்லை எனக்கு. மலையில என்ன நோய் எண்டு. இது குழம்புத்தூளா?"

"குழம்புத்தூளில ஒரு பங்கு."

அவன் சிரித்தான். குன்வோர் சிரிக்கவில்லை.

"நேற்று நீ இதிலதான் நிண்டனி," என்றாள்.

"ஓம்."

"நாங்கள் ஒவ்வொண்டாச் சொல்லச் சொல்ல நிண்டு கேட்டனி. நான் வைத்தியருக்கு அடிக்கேக்கையும் நிண்டனி."

"ஓம்."

 உன் குரல் பதிவைப் பற்றி நான் சொல்லவில்லை, அக்கா. தெளித்தது நான்.

அவள் வைத்தியருக்கு அடித்தாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்: "மஞ்சள் பரவாயில்லையாம். தண்ணிதான் கூடாது. தொங்கிற இறைச்சியில தண்ணி பட்டால் வழுவழுக்கும். பட்ட இடமெல்லாம் காய்ஞ்ச இறைச்சி தெரியும்வரை சீவி எடுக்கவேணும். இண்டைக்கே." பிறகு என்னைப் பார்த்தாள். "பிள்ளையை ஒட்வாரிட்டைக் குடு. கத்தி பிடிக்கத் தெரியுமா?"

"மீன் வெட்டுவன்."

"அப்ப தெரியும்."

ஒட்வார் மிதுலாவை வெடிகுண்டு வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினான். அவள் அவன் தாடியைப் பிடித்தாள். அந்தப் பிடியை அவள் விடவே இல்லை.

மூன்று மணி நேரம் சீவினோம். வாசல் பக்கத்து மான் மோசம், விலாவில் வழுக்கியது. அடுத்ததில் இடையிடையே. உள்ளே இருந்த இரண்டும் காய்ந்து, மேற்பரப்பு பழைய காகிதம்போலக் கெட்டியாக, சுத்தமாக இருந்தன. கையளவு இடைவெளிதான் அவற்றைக் காப்பாற்றியது என்றாள் குன்வோர். ஒட்டித் தொங்கியிருந்தால் ஈரம் நாலுக்கும் போயிருக்கும். அவள் அதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, கத்தியைத் தீட்டிக்கொண்டு சொன்னாள். இரண்டு வாளி நிறையக் கழித்தோம். கடற்கரையில் கழுகுகளுக்குப் போட்டுவிட்டார்கள்.

முதல் வாளி நிறைந்தபோது கேட்டாள்: "ஏன் தெளிச்சனி?"

பிள்ளைக்குக் காய்ச்சல், எங்களுக்கு விரதம், கீழே செத்த உடல், மஞ்சள் சுத்தம். நாலு சொல்லாகத்தான் சொல்ல முடிந்தது.

"விரதமெண்டு முதல் நாளே சொல்லியிருக்கலாமே. வேற இடம் பார்த்திருப்பன்."

"முதல் தரம் நீங்கள் எங்களிட்டை ஒண்டு கேட்டனீங்கள்."

அவள் கத்தியை நிறுத்தினாள். பிறகு திரும்பவும் சீவினாள்.

"தெளிச்சது சரிவந்ததா? பிள்ளைக்கு?"

"தெரியேல்லை. அந்தக் காய்ச்சல் தானா போறது."

"என்ர மகன் பிறக்கேக்கை மாமி தொட்டிலுக்கடியில கத்தரிக்கோல் வைச்சவ. பேய் வராதாம். நான் படிச்சனான், நம்பேல்லை." விலாவில் ஒரு நீளச் சீவல். "ஆனா எடுக்கவும் இல்லை."

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நாளைக்கு எட்டு மணிக்கு வெட்டு. பொதி சுற்றி, திகதி எழுத ஒரு ஆள் வேணும். வருவியா?"

கட்டளை மாதிரி இல்லை. இருந்தாலும் மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதமாட்டேன். ஆள் வேண்டுமென்று கேட்டாள். வருகிறேன் என்றேன்.

காலை 5, மாலை 7. சராசரி 6. மொத்தம் 34. நாளை இதேபோல் இருந்தால் நாற்பது. அந்த ஒரு மணி நேரத்தை நான் சேர்க்கவில்லை.

பிரதாபனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஒட்வார் பிள்ளையை வைச்சிருந்தவனே? மூண்டு மணித்தியாலமோ?" என்றார். அதை மூன்று தரம் கேட்டார்.

இப்போது இங்கே பதினொன்று. நேரம் மாறியதால் உனக்கு மூன்றரை. நாலரைக்கு நீ எழும்புவாய், இந்தப் பக்கங்கள் எல்லாம் உன் போனில் இருக்கும். படித்துவிட்டு என்னோடு கோபித்துக்கொள், அது பரவாயில்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு.

நாளை ஆறாம் நாள், சூரன்போர். விரதத்தின் ஐந்தாம் நாளில் மூன்று மணி நேரம் கையால் இறைச்சி தொட்டவளின் விரதம் இன்னும் விரதம்தானா, முறிந்துவிட்டதா? முறியவில்லை என்றால் நாளை மாலைவரை பாலும் பழமும் மட்டும். முறிந்துவிட்டதென்றால் ஏழு மணிக்கே இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் போவேன், நாலு மான் வெட்டி முடிக்கப் பலம் வேண்டும். எப்படியானாலும் எட்டு மணிக்குக் கீழே இறங்குவேன், அதைக் கேட்கவில்லை.

கண்டவுடன் பதில் போடு, அக்கா. எட்டு மணிக்கு முன்.